பனிப்படிகங்கள்: கேட்டவையும் பதில்களும்

பனி என்பது உறைந்த மழைத்துளிதானே?

இல்லை. மழைத்துளி வரும் வழியில் உறைந்தால் வெறும் பனிக்கட்டி மணிதான் கிடைக்கும். மேகத்தில் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு நுண்துளி ஒன்று உறைகிறது. அப்புறம் சுற்றியிருக்கும் நீராவி, தண்ணீராக மாறாமலேயே நேராக அதன்மேல் படிகிறது. பனிப்படிகம் வளர்வது இப்படித்தான்.

ஏன் எப்போதும் ஆறு கைகள்?

1611-இல் கெப்ளர் இதைக் கேட்டு ஒரு சிறு நூலே எழுதினார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்தவருக்கும் முழு விடை கிடைக்கவில்லை. உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோண வலையாக அடுக்கிக்கொள்கின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது. படிகம் முதலில் ஒரு குட்டி அறுகோணம். அதன் மூலைகள் ஈரக்காற்றுக்குள் சற்றுத் துருத்தி நிற்பதால் நீராவி அங்கேதான் முதலில் சேரும். மூலை கையாகும், கையில் கிளை முளைக்கும். அபூர்வமாகப் பன்னிரண்டு கைகளும் உண்டு. இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்தவை அவை.

ஒரு கைக்கு மற்றக் கை எப்படி வளர்கிறது என்று தெரியுமா? எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவே!

கைகளுக்குத் தெரியாது! எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் உகிசிரோ நகாயா, 1936-இல் குளிரறையில் ஒரு முயல் முடியின்மேல் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். குளிரையும் ஈரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மைனஸ் 2 டிகிரியை ஒட்டித் தகடு, மைனஸ் 5-இல் ஊசி, மைனஸ் 15-இல் ஈரம் மிகுந்தால் கிளை விரித்த நட்சத்திரம். விழும் படிகம் வெவ்வேறு குளிர் அடுக்குகளைக் கடக்கிறது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ளதால் ஆறு கைகளும் ஒரே நொடியில் ஒரே மாற்றத்தைச் சந்திக்கின்றன, ஒரே மாதிரி வளர்கின்றன. பக்கத்தில் மிதக்கும் படிகத்தின் பாதை வேறு, அதனால் உருவமும் வேறு. கையில் விழுந்த படிகத்தைப் பார்த்தே மேகத்துக்குள் எவ்வளவு குளிர் இருந்தது என்று ஊகிக்கலாம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது சிலிர்ப்புதான்.

ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கவே இருக்காதா?

எளிய அறுகோணத் தகடுகளை நுண்ணோக்கியில்கூடப் பிரித்தறிய முடியாமல் போகலாம். கிளை பெருகியவை அப்படி அமைய வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி 1885 முதல் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்தார். ஆனால் அவர் படங்களில் உள்ளவைபோல் அவ்வளவு கச்சிதமானவை குறைவு. கோணலும் உடைசலும்தான் அதிகம் விழும். அவற்றையும் பாருங்கள், அவையும் அழகுதான்.

படிகம் கண்ணாடிபோல் இருக்கிறது, குவிந்தால் ஏன் வெள்ளை?

எண்ணற்ற முகங்களில் பட்டு எல்லா நிற ஒளியும் சிதறுவதால்.

டொராண்டோவில் இருக்கிறேன். எப்படிப் பார்ப்பது?

கறுப்புக் கம்பளித் துணியையும் லென்ஸையும் முன்பே வெளியில் வைத்துக் குளிரவிடுங்கள். துணியில் விழுந்ததும் பாருங்கள். மூச்சுக்காற்று படக்கூடாது, உருகிவிடும். பலத்த காற்றில் கைகள் ஒடிந்துவிடும் என்பதால் காற்றில்லாத நாளாகப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும்.