அழிந்துபோகும் ஒரு நாள்: கடிதமும் பதிலும்

வணக்கமுங்க அண்ணா,

சோமனூர்ப் பக்கம் நாங்க நாலு பேரு சேர்ந்து யூடியூபுக்கு ஒரு தொடர் எழுதிட்டிருக்கறோமுங்க. நாயகன் ரத்தக்காட்டேரி. 1940-ல செத்தவன். இப்ப ஒரு தறி குடோன்ல ராத்திரி ஷிப்டு ஓட்டறான். 'ஏஞ்சல்'ங்கற அமெரிக்கத் தொடர்ல, ரத்தக்காட்டேரி நாயகன் ஏஞ்சல் ஒரே ஒரு நாள் மனுசனா மாறற எபிசோடைப் பாத்துட்டு, எங்க ஆறாவது எபிசோடையும் அப்படி எழுதினோம். ஒரு மூலிகைச் சாத்தைக் குடிச்சு மனுசனாகறான், வெயில்ல நடக்கறான், பிரியாணி திங்கறான். கடைசில ஒரு சாமியார் வந்து மந்திரஞ் சொல்லி அந்த நாளே இல்லாமப் பண்ணிடறார். படிச்சவங்க எல்லாரும் "கனவுன்னு சொல்லி ஏமாத்தற மாதிரி இருக்குது"ங்கறாங்க. 'ஏஞ்சல்'லயும் அந்த நாள் அழிஞ்சுதானுங்க போகுது, அங்க மட்டும் ஏன் அப்படித் தோணறதில்லை? இன்னொண்ணு, கையில காசு கம்மிங்க. வெயிலையும் ரத்தத்தையும் எப்படிக் காட்டறது?

எஸ்., சோமனூர்

அன்புள்ள எஸ்.,

அந்த நாளை அழிக்கலாம், தாராளமாக அழிக்கலாம். உங்கள் கதையில் அழிப்பவர் சாமியார், அதுவும் கடைசிக் காட்சியில் முதல்முறையாக உள்ளே வரும் சாமியார். இடறுவது அங்கேதான்.

நீங்கள் சொல்லும் எபிசோடு 'ஐ வில் ரிமெம்பர் யூ', முதல் சீசனில் எட்டாவது. 1999 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. ஏஞ்சலின் பழைய காதலியும் காட்டேரிகளை வேட்டையாடுகிறவளுமான பஃபி அவனைத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் வருகிறாள், மோரா என்ற அசுரன் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். அவனைத் துரத்திப் போய் வெட்டும்போது ஏஞ்சலின் கைக்காயத்தில் அசுரனின் ரத்தம் கலக்கிறது. அந்த ரத்தத்துக்கு உயிரைப் புதுப்பிக்கும் குணம் உண்டு. இதயம் துடிக்கிறது, மனிதனாகிறான். இங்கே எழுதியவர்களின் கைத்திறனைப் பாருங்கள். அதே குணத்தால்தான் செத்த அசுரனும் திரும்ப எழுகிறான். வரமும் ஆபத்தும் ஒரே காரணத்திலிருந்து கிளம்புவதால் இரண்டாம் பாதிக்குப் புதிதாக எந்தச் சாக்கும் தேட வேண்டியிருக்கவில்லை. உங்கள் மூலிகைச் சாறு நாயகனுக்கு மட்டும் வேலை செய்கிறது. முந்தைய எபிசோடுகளில் அவன் கொன்றுபோட்ட ஒருவன் மேலும் அது நாலு சொட்டுச் சிந்தட்டும். அப்புறம் கதை தானாக நகரும்.

இரண்டாவது, அந்த நாளை அழிக்கும் சக்தி கடைசியில் திடீரென்று முளைப்பதில்லை. அண்ணன் தங்கையான இரண்டு குறிசொல்லிகள், ஆரக்கிள்கள். மனிதனான கையோடு, "எனக்கு என்ன ஆயிற்று" என்று கேட்க ஏஞ்சல் அவர்களிடம்தான் போகிறான். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது முறை. கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காணிக்கையாகக் கொடுக்கிறான். அந்த இடத்தில் அது சாதாரணக் காட்சியாகத்தான் தெரியும். பிறகு அசுரனோடு மோதும்போது பழைய பலம் இல்லை, அடிபட்டு விழுகிறான், பஃபி வந்து அசுரனைக் கொன்று அவனைக் காப்பாற்றுகிறாள். தான் இப்படியே இருந்தால் அவள் சாவு சீக்கிரம் வரும் என்று தெரிந்த பிறகு, தானாகவே அவர்களிடம் போய், கிடைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். யாரும் அவனிடமிருந்து பிடுங்கவில்லை. கனவென்று சொல்லி முடிக்கும் கதையில் இந்தக் கேட்டல் இருக்காது, ஆகவே யாருக்கும் நஷ்டமும் இருக்காது.

அந்த நாள் இனி அவனுக்கு மட்டும்தான் நினைவிருக்கும். பஃபிக்கு ஒரே ஒரு நிமிடம் முன்னால் சொல்கிறான். அழுதுகொண்டே, மறக்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள், நேரம் முடிகிறது. அவளிடம் சொல்லாமலே அழித்திருந்தால் பார்ப்பவர்கள் உங்களைத் திட்டுவதுபோல அதை எழுதியவர்களையும் திட்டியிருப்பார்கள்.

ஆகவே உங்கள் சாமியாரை எடுத்துவிடுங்கள். எபிசோடின் முதல் கால்வாசியிலேயே நாயகன் ஒரு இடத்துக்குப் போய் வரட்டும். கிணற்றடியில் ஏழு கல் நட்ட கன்னிமார் போதும். அங்கே அவன் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும், அதன் விலை அப்போது நமக்குப் புரியாமல் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கதைகளில் காட்டேரியைச் சுடும் சிலுவைக்குப் பதிலாகத் திருநீறு அவனைச் சுடும் என்று ஒரு விதியும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், முதல் எபிசோடு எழுதுகிற எல்லோரும் எழுதுவதுதான். எடுத்துவிடுங்கள். நம் ஊரில் பாதி நெற்றிகளில் திருநீறு. அவன் டவுன் பஸ்ஸில்கூட ஏற முடியாது.

இன்னொரு விதியில் ஓட்டை இருக்கிறது. வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி உள்ளே வர முடியாது என்பது 'ஏஞ்சல்' உலகத்தில் உண்டு, அது குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும், கடைக்கும் ஆபீசுக்கும் கிடையாது. கொங்கு வீட்டில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் "வாங்க, உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றுதான் சொல்வார்கள். வாசலில் நிற்கும் ஆள் யாரென்று கேட்பதே அதற்குப் பிறகுதான். இந்த விதியை அப்படியே வைத்தால் ஒரு நாளில் ஊரில் ஒருவர் மிஞ்ச மாட்டார். திண்ணை வரை யார் வேண்டுமானாலும் வரலாம், ஆசாரத்துக்குள், அதாவது உள்கூடத்துக்குள், நுழைய அந்த வீட்டில் மூத்தவர் வாயால் அழைக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசுகிறவனைக் காட்டினால் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும்.

பிரியாணியும் ஒட்டவில்லை. ஏஞ்சல் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் தின்கிறான், அது அவன் ஊர். 1940-ல் செத்த உங்கள் ஆள் நினைத்து ஏங்குவது கம்மஞ்சோறும் தயிரும், கொள்ளுப் பருப்பு, சந்தகை, நோம்பிக்குச் சுட்ட கச்சாயம். அதை இன்றைக்கு யார் வீட்டில் சமைக்கிறார்கள் என்று அவன் தேடிப் போனாலே உங்களுக்கு ஐந்து நிமிடக் காட்சி.

இனி வெயில். அது பட்டால் காட்டேரி எரிந்துபோவான். கோவைப் பக்கம் சூரியன் மே கடைசியில் ஆறு மணி வாக்கிலும் ஜனவரியில் ஆறே முக்காலை ஒட்டியும் உதிக்கும். ஷிப்டு மாற்றுவது காலை எட்டு மணி என்றால் உங்கள் நாயகன் குடோனை விட்டு வெளியே வரவே முடியாது. இதை மறைக்காதீர்கள், இதையே கதையாக்குங்கள். பழைய ஓட்டுக் குடோன்களில் வெளிச்சத்துக்காக நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியாக விழும் வெயில் கட்டம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை மேற்கே போகிறது, கட்டம் கிழக்கே வரும். ஓடு 12 அடி உயரத்தில் இருந்தால், நடுப்பகலில் மணிக்கு மூன்றடிக்குக் கொஞ்சம் மேல், நிமிடத்துக்கு அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். இரண்டு தறிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவன் அது தன் காலை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். கிராபிக்ஸே வேண்டாம்.

படம் பிடிக்கும்போது அந்த நகர்வே உங்களுக்கு எதிரி. பத்து நிமிடத்தில் கட்டம் ஆறு அங்குலம் தள்ளிப் போய்விடும், ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறும். முதல் டேக்குக்கு முன்பே சாக்பீஸால் ஓரத்தைக் கோடு போட்டு, கட்டம் தெரியும் ஷாட்களையெல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். முகத்து க்ளோசப்பை அப்புறம் எடுக்கலாம். ஒளிக்கற்றை தெரிய வேண்டும் என்று சாம்பிராணி போடாதீர்கள். குடோனில் பறக்கும் பஞ்சுத் தூசியே கற்றையைக் காட்டிக்கொடுக்கும், அதே பஞ்சு ஒரு தணலில் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

ரத்தம். ஏஞ்சல் பன்றி ரத்தம் வாங்கிக் குடிக்கிறான். நம் ஊரில் அதைவிட வசதி. ரத்தப் பொரியல் தின்கிற ஊர், விடியுமுன் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் கேட்பவனை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஆனால் பொரியலுக்கு விற்பது கட்டியாக உறைந்தது, அதை எப்படிக் குடிப்பான்? ரத்தம் பிடித்த உடனே குச்சியால் விடாமல் கலக்கினால் உறைய வைக்கும் நார் குச்சியில் சுற்றிக்கொள்ளும், மீதி நீர்மமாகவே நிற்கும். தூக்குப் போசியோடு குச்சியையும் கொண்டுவருகிற ஆள் என்றால், கடைக்காரருக்கு அவன்மேல் முதல் சந்தேகம் அங்கேதான் வரும்.

படப்பிடிப்புக்கு நிஜ ரத்தம் வேண்டாம். இரண்டு டம்ளர் சீனி, ஒரு டம்ளர் தண்ணீர், கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதம் போனால் ஆறியதும் பூத்துப்போகும். அரை ஸ்பூன் சிவப்புக் கேசரிப் பவுடர், வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்த ஒரு ஸ்பூன் கோகோ. கோகோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் சிரப் மாதிரிதான் தெரியும். சட்டையில் தெளிக்கும் பங்கைத் தனிப் பாட்டிலில் எடுத்து அதில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் நாலு சொட்டு விடுங்கள், கறை ஓரளவு போகும். அந்தப் பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வாயில் ஊற்றும் பாட்டிலோடு மாறிவிடக் கூடாது. சீனிப்பாகு என்பதால் எறும்பு வரும், டேக்குக்கு டேக் தரையைத் துடைக்க ஈரத் துணியோடு ஒருவர் நிற்க வேண்டும். மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் எடுத்தால் இந்தச் சிவப்பு கறுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு வெள்ளை எல்ஈடி பிடியுங்கள், முந்தின நாள் ராத்திரியே போனில் எடுத்துப் பார்த்துக் கோகோவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.