மிதியடியில்தான் போவேன் என்கிறது!

கேள்வி: பக்கத்து மாந்தோப்பில் நாட்டு நாய் போட்ட குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். அதற்கு இரண்டு மாத வயது ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் அரை மணி நேரம் விட்டாலும் ஒன்றுக்குப் போகாது. உள்ளே வந்ததும் மிதியடியில் போய்விடுகிறது. வீட்டுக்காரர் அதன் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கிறார். மாமியாரோ, ‘எடுத்த இடத்திலேயே விட்டுடு’ என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் மூக்கைத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. ‘உள்ளே போகக் கூடாது’ என்பது குட்டிக்கு அதில் புரியாது. ‘இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது’ என்பதுதான் புரியும். நாளைக்கே கட்டிலுக்கு அடியில் போகும். அவர் வெளியே கூட்டிப் போனாலும் போகாது.

அரை மணி நேரம் விட்டேன் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். வெளியே விட்டதும் எறும்பு, சருகு, கோழி, அணில். இத்தனையும் இருக்கும்போது ஒன்றுக்கு வந்த நினைப்பு எங்கே இருக்கும்? உள்ளே வந்து ஆட்டம் அடங்கியதும் முட்டும். காலுக்கடியில் மெத்தென்று மிதியடி. ஈரத்தை உறிஞ்சும் இடம் குட்டிகளுக்குப் பிடிக்கும்.

ஆகவே முதலில் வேலை, பிறகு விளையாட்டு. கழுத்தில் பட்டை கட்டித் தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடம் பேசாமல், நகராமல் நில்லுங்கள். தரையை முகர்ந்து, வட்டமடித்து, பின்னங்காலை மடக்கும். அப்போது வாயைத் திறக்காதீர்கள், பாதியில் நிறுத்திவிடும். முடித்ததும் அங்கேயே ஒரு துண்டு அவித்த முட்டை, இரண்டு கொஞ்சல், அப்புறம் அவிழ்த்துவிடுங்கள். முட்டையை வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். போகவே இல்லையா? சரி, கீழே விடாமல் மடியில் வைத்திருந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி தூக்கிப் போங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணிக்குள், ஆடி முடித்ததும் கட்டாயம் வெளியே. இவை போகப் பகலில் மணிக்கொரு தரம். சாப்பாட்டை வேளை வைத்து நாலு முறை கொடுங்கள். நம் பக்கத்தில் களியைக் கரைத்து நாள் முழுக்கத் தட்டில் வைத்துவிடுகிறோம். நாள் முழுக்கத் தின்றால் நாள் முழுக்கப் போகும். பசும்பாலும் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கழியும்.

மிதியடியைக் கொஞ்ச காலம் பரணில் போடுங்கள். பினாயில் ஏமாற்றுவது நம் மூக்கைத்தான், நாயின் மூக்கை அல்ல. போதாததற்கு, குட்டி அதை நக்கினால் ஆபத்து. சோப்புத் தண்ணீரால் துடைத்து, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இன்னொரு முறை துடையுங்கள்.

முழுசாக அடக்கப் பழக ஆறு மாத வயது வரைகூட ஆகலாம். மாமியாரிடம் தவணை கேளுங்கள். விடியலில் வாசல் தெளிப்பவர் அவர்தான் என்றால் முதல் நடையை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள், கட்சி மாறிவிடுவார்! சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, முக்கினாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ அது பழக்கக் கோளாறு இல்லை. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மூன்றாவது மாடி ஃபிளாட். லேப்ரடார் குட்டிக்கு முதல் தடுப்பூசிதான் ஆகியிருக்கிறது. கீழே இறக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இப்போது வேண்டாம். குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தந்து உயிரையே வாங்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூன்று, நான்கு வார இடைவெளியில் போடும் ஊசிகள் 16 வாரத்தில்தான் முடியும். அதுவரை பால்கனியில் அகலமான தட்டில் சுத்தமான மண்ணும் புல்லும் பரப்பிப் பழக்குங்கள். ஊசிகள் முடிந்து, மருத்துவர் சரி என்றதும், அந்தத் தட்டிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கீழே நீங்கள் விரும்பும் மூலையில் போடுங்கள். தன் வாசனை பிடித்து அங்கேயே போகும். லிஃப்ட்டில் மட்டும் கீழே விடாதீர்கள், தூக்கிக்கொள்ளுங்கள்.