சீனாவில் எல்லோரும் பேசுவது ஒரே மொழிதானா?

இல்லை. நாம் ‘சீன மொழி’ என்று ஒற்றையாகச் சொல்வது ஒரு பெரிய மொழிக் குடும்பத்தை. பெய்ஜிங் பேச்சை ஒட்டி உருவான மாண்டரின்தான் அரசின் பொதுமொழி. வடகிழக்கே ஹார்பின் தொடங்கித் தென்மேற்கே யுன்னான் வரை அதன் வழக்குகள்தான். தென்கிழக்குக் கடலோரம் போனால் கதையே வேறு: ஷாங்காயில் வூ, ஃபுஜியானில் மின், குவாங்சோவில் கான்டனீஸ், மலைப்பகுதிகளில் ஹக்கா. மாண்டரினில் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், நான்கு; கான்டனீஸில் ஆறு. வென்சோ நகரத்துப் பேச்சும் ஷாங்காய் பேச்சும் ஒரே வூ கிளைதான். ஆனாலும் வென்சோக்காரர் பேசினால் ஷாங்காய்க்காரருக்குப் புரியாது. எழுத்து பொதுவாக இருப்பதால் வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

அப்புறம் சிறுபான்மை மொழிகள். அரசு அங்கீகரித்த இனங்கள் 56, மொழிகள் அதைவிட அதிகம். யுவான் நோட்டு கையில் கிடைத்தால் பின்பக்கம் வலது மேல் மூலையைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் மங்கோலியம், நம் எழுத்தைப் போலவே பிராமியிலிருந்து கிளைத்த திபெத்தியம், அரபு எழுத்தில் உய்குர், ரோமன் எழுத்தில் சுவாங். என்னிடம் இருக்கும் ஒரு யுவான் நோட்டில் நான் அதிக நேரம் பார்ப்பது இந்தச் சுவாங் வரியைத்தான். அசையின் கடைசியில் இசட், ஹெச் என்று நிற்கும் எழுத்துகள் உச்சரிக்க அல்ல, தொனியைக் காட்ட! உறவுமுறையில் அது தாய்லாந்து மொழிக்குப் பக்கம். உய்குர், துருக்கி மொழிக்குப் பக்கம்.

சொந்த மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் சிறுபான்மையினருக்கு உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. ஆனால் 2020-ல் உள்மங்கோலியாவில் மொழிப்பாடம், அரசியல், வரலாறு மூன்றையும் மாண்டரினுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் எதிர்த்தும் நிறுத்தவில்லை.

கான்டனீஸுக்கும் வூவுக்கும் அந்த ஏட்டுரிமைகூடக் கிடையாது. பேசுபவர்கள் பெரும்பான்மை ஹான் இனம் என்பதால் அவற்றை ‘வட்டார வழக்கு’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 2010-ல் குவாங்சோ தொலைக்காட்சியில் மாண்டரினைக் கூட்டச் சொல்லி யோசனை வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழிக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் மஞ்சு மொழியைப் பார்க்க வேண்டும். 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்டவர்களின் மொழி அது. மஞ்சு இனத்தவர் இன்று ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அதைத் தாய்மொழியாகப் பேசுபவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள்தான்.