பல் எடுத்து மூன்றாம் நாள், வலி குறையாமல் கூடுகிறதே!

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 38 வயது, காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் வேலை. வியாழக்கிழமை கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். இரண்டு நாள் பரவாயில்லை. ஞாயிறு காலையிலிருந்து காது வரைக்கும் விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறார், வாயும் நாறுகிறது. மாமியார் கிராம்பை நசுக்கிக் குழியில் வைத்தார். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டும் கேட்கவில்லை. பீடி குடிப்பார். பல் ஏதாவது உள்ளே உடைந்து நிற்குமோ?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உடைந்த துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 'டிரை சாக்கெட்' என்றுதான் எனக்குப் படுகிறது. பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கும், அதற்கடியில்தான் புண் ஆறும். அந்த மூடி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு அப்படியே வெளியே தெரியும், காற்றும் சோறும் பட்டு உயிர் போகிற வலி வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆரம்பிப்பது, காதுக்கு ஏறுவது, வாய் நாற்றம் எல்லாம் அதன் அடையாளம். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். அவரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், புண் ஆறும் வரையாவது பீடியைத் தொடவே கூடாது.

இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. பல் எடுத்த டாக்டரிடமே நாளைக் காலையிலேயே போங்கள். குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை உள்ளே வைப்பார், பலருக்கு அன்றைக்கே வலி பாதிக்குமேல் இறங்கிவிடும். அந்த மருந்தில் பெரும்பாலும் கிராம்பு எண்ணெய்ச் சத்துதான் இருக்கும், அதனால் உங்கள் மாமியார் நினைத்தது தப்பில்லை, ஆனால் நசுக்கிய கிராம்பு குழிக்குள் சிக்கிக்கொள்ளும், வெறும் எண்ணெயை ஊற்றினால் ஈறு வெந்துபோகும். இனி வைக்க வேண்டாம். ஆன்டிபயாடிக்கும் இந்த வலியைக் குறைக்காது, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கு ராத்திரியைக் கடத்த, சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபன் 400 மில்லிகிராம் ஒன்று, கூடவே பாராசிட்டமால் 500. அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ ஐபுப்ரோஃபன் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். அன்றைக்குச் சாராயம் கூடவே கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாக வழிய விடட்டும். காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது.

பணம்தான் யோசனை என்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது, கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், சீழ் என்று ஏதாவது ஒன்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் அந்த நிமிடமே 108-க்கு அடியுங்கள்.