மூன்றாவது நீட் வேண்டாம், அவள் கணையத்தைப் படிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மகளை மூன்றாம் முறை நீட் எழுதவைப்பதா, நிலத்தை விற்றுத் தனியாரிலோ வெளிநாட்டிலோ மருத்துவம் படிக்கவைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் பாதி உங்கள் மைத்துனர் சொன்னது. மகள் சொன்னது ஒரே வரிதான்: “சித்தப்பாவுக்குப் பித்தப்பையில்தானே கல் இருந்தது, கணையம் ஏன் தன்னையே செரித்துக்கொண்டது?” மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து இப்படிக் கேட்கிற பிள்ளை இரண்டு முறை நீட் எழுதி இடம் கிடைக்காமல் போனால் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அது புரிகிறது. ஆறுதல் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். விடுதியும் வட்டியும் சேர்ந்தால் கோடியைத் தாண்டும். மைத்துனர் சொல்கிற வெளிநாட்டுப் படிப்புக்கு முன்பணம் குறைவுதான். ஆனால் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இன்னொரு கணக்கும் போடுங்கள். குடல், கணைய நோய் நிபுணராக எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி ஒன்று, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. மொத்தம் பதினொன்றரை ஆண்டு, நடுவில் இரண்டு நுழைவுத் தேர்வுகள். அத்தனையும் முடித்தாலும் அவள் கேட்ட கேள்வி அவள் கைக்கு வராது, நோயாளிதான் வருவார். அவள் கேட்டது உடலியங்கியல் ஆய்வாளரின் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பெயர் கால்சியம் சமிக்ஞை, அதாவது செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்கித் தரும் கட்டளை. பால் குடிப்பதற்கும் எலும்புக்கும் இதில் பேச்சில்லை. கணையச் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார், வெளியே 1 மில்லிமோலாருக்கு மேல். ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். சாப்பிட்டதும் ஹார்மோன் வந்து தட்டும். செல்லுக்குள் கால்சியம் சிறு சிறு அலைகளாக எழுந்து அடங்கும், ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் செரிமான நொதி வெளியேறும். பித்தக்கல் வழியை அடைக்கும்போது கணையம்வரை வரக்கூடிய பித்த அமிலமோ, மதுவிலிருந்து உண்டாகும் கொழுப்பு அமில எஸ்தரோ தாக்கினால் அலை அடங்குவதில்லை. செல்லுக்குள் இருக்கும் கால்சியச் சேமிப்பறை காலியாகும், அதை நிரப்ப, செல் சவ்வில் உள்ள ஓராய்1 என்ற கால்சிய வாய்க்கால் திறந்தபடியே நிற்கும், கால்சியம் ஏறிய இடத்திலேயே நிற்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஓய்ந்துபோகும், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதி செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். பிரிட்டனின் கார்டிஃபில் உடலியங்கியல் ஆய்வாளர் ஓலே பீட்டர்சன் குழுவினர் பல ஆண்டுகளாக இந்தப் பாதையைத் துருவியிருக்கிறார்கள். ஐபி3 என்ற மூலக்கூறு செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது என்று 1983இல் முதலில் காட்டப்பட்டதும் எலியின் கணையச் செல்லில்தான். இன்று ஓராய்1 வாய்க்காலை அடைக்கும் மருந்து மனிதரில் சோதனைக்கே வந்துவிட்டது.

வேலை எப்படி இருக்கும் என்பதை மகளிடம் இப்போதே சொல்லுங்கள். எலியின் கணையத்தை எடுத்து, செல்களைப் பிரிக்கும் கொலாஜினேஸ் என்ற நொதியைச் செலுத்தி 37 டிகிரியில் ஏறக்குறைய கால் மணி நேரம் வைப்பார்கள். குறைந்தால் செல்கள் கட்டியாகவே நிற்கும், கூடினால் சவ்வு கொப்பளித்துச் செத்துவிடும். கொலாஜினேஸ் பாட்டில் மாறும்போதெல்லாம் நேரத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும், எத்தனையோ வாரங்கள் இதிலேயே போகும். பிறகு கால்சியத்தை அளக்க உதவும் ஃப்யூரா-2 என்ற ஒளிரும் சாயம் சில மைக்ரோமோலார், அறை வெப்பத்தில் அரை மணி நேரம். சூடாக ஏற்றினால் சாயம் உள்ளுறுப்புகளுக்குள் புகுந்து பொய்க் கணக்குக் காட்டும். கழுவி இன்னோர் அரை மணி நேரம் விட்டால்தான் சாயம் கால்சியத்தைப் பிடிக்கும் நிலைக்கு வரும். 340, 380 நானோமீட்டர் ஒளியை மாறி மாறிப் பாய்ச்சி, 510இல் வரும் ஒளிர்வை அளந்து விகிதம் எடுப்பார்கள். ஒரு செல்லில் சாயம் கூடுதலாக ஏறியிருந்தாலும் விகிதம் ஏமாறாது. சாப்பிட்டதும் வந்து தட்டும் ஹார்மோனான கோலிசிஸ்டோகைனினை மிகக் குறைந்த பிகோமோலார் அளவில் கொடுத்தால் அழகான அலைகள். அதைவிடக் கூடுதலான நானோமோலார் அளவில் கொடுத்தால் ஒரே மேடு, பிறகு சேதம். பிரித்தெடுத்த செல் சில மணி நேரமே உருப்படியாக இருக்கும், அதனால் அன்றைய வேலையை அன்றே முடித்தாக வேண்டும்.

வழி சொல்கிறேன். ஐசர் போன்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் திரும்பிப் பார்க்காதது தரமணி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் அங்கே இருக்கிறது. உடலியங்கியல், மருத்துவ உயிர்வேதியியல், மருந்தியல் என்று மருத்துவக் கல்லூரியில் முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் ஓடிக் கடக்கிற பாடங்களுக்கு அங்கே தனித்தனித் துறைகள். எம்.பி.பி.எஸ். தேவையில்லை. இந்த ஆண்டே அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியலோ விலங்கியலோ சேரட்டும். கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். எந்தப் பட்டம் எந்த முதுநிலைக்குச் செல்லும் என்பதைச் சேருமுன் தரமணியின் விண்ணப்பக் கையேட்டில் பார்த்துவிடுங்கள், பட்டத்தின் பெயரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாமாண்டில் இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாத ஆய்வகம் வெறும் ஆசையா உண்மையான ஆர்வமா என்று காட்டிவிடும். பி.எஸ்சி. முடித்ததும் பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு ஜீபில்ஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். பழ ஈயின் நரம்பில் இதே ஐபி3, ஓராய் பாதையைக் கெய்தி ஹாசன் ஆராய்ந்த இடம் அது. முதுநிலை வழியில் போனால் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெறலாம். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி.

கசப்பையும் கேளுங்கள். பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு ஆகும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வரும், அந்த இடைவெளிக்கு ஒரு லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கட்டும். நீங்கள் திரட்ட வேண்டியது அவ்வளவே, அதற்கு நிலம் தேவையில்லை. நிலையான வேலை முப்பது வயதுக்கு முன் கிடைப்பது அரிது. மருத்துவக் கல்லூரியில் மருத்துவரல்லாத ஆசிரியருக்கான விதி அடிக்கடி மாறுகிறது, அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்களும் உண்டு. மைத்துனர் “அப்போ டாக்டர் இல்லையா?” என்று கேட்டால், இல்லை என்றே சொல்லுங்கள். பிஎச்.டி. வாங்கினால் அதுவும் டாக்டர்தானே என்று மழுப்பாதீர்கள், அவள் காதில் விழும்.

ஒன்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிய செல் வேண்டும், புதிய செல்லுக்கு எலியைக் கொல்ல வேண்டும். ஏ.ஆர்.42ஜே என்ற வளர்ப்புச் செல் இருந்தாலும் அது கணையச் செல்லைப் போல் முழுதாக நடந்துகொள்ளாது. அவளால் முடியுமா? நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். முடியாது என்றால் பழ ஈ இருக்கிறது, அலைகளைக் கணினியில் மாதிரியாக்கும் வேலை இருக்கிறது. அதற்குக் கணிதம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் கணிதம் எடுத்தாளா என்பதை மட்டும் திருப்பி எழுதுங்கள்.