ஊர் டோர்னமென்ட்டும் செல்போன் வீடியோவும்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். போன பொங்கல் ஃபைனலில் கடைசி நேரத்தில் ஒரு கோல். ரெஃப்ரி கொடுத்துவிட்டார். அது ஆஃப்சைடு, அதாவது பந்து தட்டப்பட்ட கணத்தில் கோல் அடித்தவர் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றார் என்று ஒரு வீடியோ அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றியது. ரெஃப்ரி காசு வாங்கிவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். வீடியோவை இணைத்திருக்கிறேன். உலகக் கோப்பையிலேயே வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் வி.ஏ.ஆர். முறை வந்துவிட்டது. நாங்களும் ஒரு செல்போனில் எடுத்து ரெஃப்ரிக்குக் காட்டினால் என்ன?

பாண்டி

அன்புள்ள பாண்டி,

வேண்டாம். உரிய ஏற்பாடும் அனுமதியும் இல்லாத போட்டியில் ரெஃப்ரி வீடியோ பார்க்க விதியிலேயே இடமில்லை. அதைவிடப் பெரிய காரணம் நீங்கள் அனுப்பிய வீடியோவிலேயே இருக்கிறது.

அது சென்டர் லைனுக்கு நேரே, மைக் செட் மேடையிலிருந்து எடுத்தது. கோல் அடித்தவர் மேடைப் பக்கம் ஓடுகிறார், கடைசி டிஃபெண்டர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால், இருவரும் ஒரே நேர்கோட்டில் இருந்தாலும் மேடைப் பக்கத்தவர்தான் கோலுக்கு அருகில் இருப்பதாகத் தெரியும். கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் டிஃபெண்டருக்கு நேராகவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அப்புறம், செல்போன் வீடியோவில் பெரும்பாலும் நொடிக்கு 30 படங்கள். நன்றாக ஓடுகிற பையன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஏறத்தாழ கால் மீட்டர் போய்விடுவான். பந்தைத் தட்டிய கணம் எந்தப் படத்தில் என்று யார் சொல்வது? 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க மட்டும் கூரையில் 12 கேமராக்கள் வைத்தார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அளந்தார்கள். பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இத்தனைக்கும் பிறகு மனிதர் ஒருவர் சரிபார்த்துத்தான் தீர்ப்பு.

அந்த மனிதரும் தவறலாம். 2023 செப்டம்பரில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்றார். வீடியோ அறையில் இருந்தவர்களோ மைதானத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு 'சரிபார்த்தாயிற்று', அதாவது மைதானத் தீர்ப்பே சரி, என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. நியாயமான கோல் ஒன்று போனது.

உங்கள் ஃபைனல் ரெஃப்ரியைப் பற்றிப் பேசியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. வெயிலில் ஓடி ஓடி விசில் ஊதியவருக்குக் கிடைத்தது இந்தப் பழி. இந்த வீடியோவை வைத்து அவர் மீது ஒரு சொல்லும் சொல்ல முடியாது. இதை உங்கள் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுங்கள். அவரை மறுபடி கூப்பிடுங்கள்.

செலவு செய்வதென்றால் லைன்ஸ்மேன்களுக்குச் செய்யுங்கள். நம் பக்கத்து ஊர்ப் போட்டிகளில் கொடி பிடிப்பது பெரும்பாலும் தோற்று உட்கார்ந்திருக்கும் டீம் பையன்கள்தான். பாதி நேரம் கண் பந்தின் மேல்தான் இருக்கும். செமி ஃபைனலுக்கும் ஃபைனலுக்குமாவது பயிற்சி பெற்ற இரண்டு பேரை மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வரவழையுங்கள்.

வி.ஏ.ஆரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2023 மகளிர் உலகக் கோப்பையில் வீடியோ பார்த்த பிறகு ரெஃப்ரியே மைக்கில் தீர்ப்பைச் சொன்னார். உங்களிடம் மைக் செட் இருக்கிறது. தகராறான கோல் என்றால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் ஏன் கொடுத்தார், ஏன் மறுத்தார் என்று ரெஃப்ரியிடம் கேட்டு ஒரே வரியில் அறிவிக்கச் சொல்லுங்கள்.