திருடியவனை நேரில் சந்திக்கலாமா?

லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: போன வருடம் வீட்டை உடைத்து, தாலிக்கொடி உட்பட எல்லா நகையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, இப்போது சிறையில் இருக்கிறான். 'மறுசீரமைப்பு நீதி' என்ற பெயரில் அவனைச் சந்திக்க விருப்பமா எனக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பலன் இருக்குமா? இல்லை, அவன் தண்டனையைக் குறைக்க ஏதாவது தந்திரமா?

தந்திரம் இல்லை. தண்டனை விதித்தாயிற்று, நீங்கள் போவதால் அது குறையாது. நகையும் திரும்பி வராது, அந்த ஆசையோடு போக வேண்டாம்.

அவன் திருந்துவானா? ஓரளவு. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடந்த திட்டங்களை ஆராய்ந்த 2008 அறிக்கைப்படி, இப்படிப் பாதிக்கப்பட்டவரைச் சந்தித்தவர்கள் மீண்டும் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற தடவைகள், சந்திக்காதவர்களைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. அடிதடி போன்ற வன்முறை வழக்குகளில்தான் பலன் அதிகம். திருட்டில் குறைவுதான். ஆகவே அவனைத் திருத்துவதற்காக மட்டும் போவதென்றால், நான் உங்களைத் தூண்ட மாட்டேன்.

உங்களுக்காகப் போவதென்றால் பேச்சே வேறு. லண்டனில் வீட்டுத் திருட்டு, வழிப்பறி வழக்குகளில் இரு தரப்பும் சம்மதித்த பிறகு, சீட்டுக் குலுக்குவதுபோலப் பாதிப் பேரை மட்டும் சந்திக்க வைத்துப் பார்த்தார்கள். சந்தித்தவர்களுக்குப் பயம், தூக்கமின்மை போன்ற அதிர்ச்சி அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நம் வீடுகளில் இன்னொரு புண்ணும் உண்டு: 'நகை இருப்பது யாருக்குத் தெரியும்?' என்று சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என ஒவ்வொருவராகச் சந்தேகப்படுவோம். 'ஏன் எங்கள் வீடு, யார் சொன்னார்கள்?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அவன்தான். உண்மையைச் சொல்வான் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் கேட்டுவிடலாம்.

சரி, நடைமுறை. சந்திப்பை நடத்துபவர் முதலில் உங்களிடமும் அவனிடமும் தனித்தனியாகப் பேசுவார். அவன் பழியை உங்கள் மேலேயே போடுகிற ஆளா என்று அப்போதே கேளுங்கள், அப்படியென்றால் வேண்டாம். நேரில் பார்க்கப் பிடிக்காவிட்டால் கடிதம் மூலம் கேட்கலாம். எந்தக் கட்டத்திலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். ஆங்கிலத்தில் தயக்கமிருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மகளையோ மகனையோ அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். உடைக்கப்பட்டது அவர்களுடைய வீடும்தான், அவர்களுக்கும் கேட்க ஏதாவது இருக்கும்.